மணப்பெண்ணின் பெட்டி

மாப்பிள்ளையின் அம்மா பத்ரா, பெட்டிப் பூட்டின் மூன்று எண் சக்கரங்களையும் மறுபடி திருப்பிப் பார்த்தாள். பூட்டு அசையவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் பெட்டியைப் பெண் வீட்டுக் கூடத்தில், எல்லாப் பெண்களும் பார்க்கத் திறந்தாக வேண்டும். அதுதான் அல்ஜீரியாவின் திலிம்சான் ஊர் வழக்கம். ஒவ்வொரு துணியாகத் தூக்கிக் காட்டக் காட்டக் குலவை எழும். அதற்கு முன் மணப்பெண் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் பத்ரா எண் பூட்டு வைத்த பெட்டி வாங்கி, தன் வீட்டுக் கதவு எண்ணையே வைத்துப் பூட்டியிருந்தாள். குளிர்காலம் முழுக்க அவள் பொன்னிழை தைத்த வெல்வெட் அங்கி உள்ளே இருந்தது.

மணப்பெண் நிஸ்ரின் முக்காட்டுக்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். இன்று அவள் பேசக் கூடாது. அவளுக்கும் சேர்த்து அவளுடைய அத்தை கைரா பேசினாள்.

"உள்ள ஏதாவது இருக்கா சம்பந்தி, இல்ல பூட்டை மட்டும்தான் கொண்டு வந்தீங்களா?"

காபிக் கோப்பைகள் வாய்க்குப் போகிற வழியில் நின்றன. ஆண்கள் உள்ளே வர முடியாது. பத்ரா ஜன்னலைத் திறந்து, தெருவில் காரில் இருந்த கணவர் கத்தூரைக் கூப்பிட்டு, எண்ணை மாற்றினாரா என்று கேட்டாள். பெட்டியைத் தொடவே இல்லை என்றார் அவர். மகன் ஹிஷாமைக் கேட்கலாமென்றால் அவன் முடி திருத்தும் கடையில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை. அதுவரை உன் பிறந்த தேதியைப் போட்டுப் பார் என்று உரக்க ஓர் எண்ணும் சொன்னார். கூடம் முழுக்கக் கேட்டது.

"அது உங்க அக்கா பொறந்த தேதி," என்றாள் பத்ரா.

பெண்கள் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"மாப்பிள்ளைதான் மாத்தியிருப்பாரோ?" என்றாள் கைரா.

"அவன் ஏன் மாத்துறான்? பொண்ணு மூஞ்சியையே அவன் இன்னும் பார்க்கல. பார்த்தது, பேசி முடிச்சது எல்லாம் நான்தான்."

யாரோ ஆலிவ் எண்ணெய் விடச் சொன்னார்கள். விட்டாள். சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின, கம்பளத்தில் வட்டமாகக் கறை படிந்தது. கைரா எழுந்துபோய் ஆட்டிறைச்சி வெட்டும் கத்தியோடு வந்தாள். பத்ரா பெட்டிமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

"பெட்டியைக் கிழிச்சா அங்கியும் போயிடும் கைரா. என் கண்ணு பாதி அதுலதான் போச்சு." சொல்லும்போதே அழுதுவிட்டாள், பாவம்.

அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. முக்காட்டு நுனியால் எண்ணெயைத் துடைத்தது. மூன்று சக்கரங்களையும் நிதானமாகத் திருப்பியது. டக் என்று பூட்டு விட்டது.

அங்கி வெளியே வந்து மின்னியது. குலவையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைரா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பத்ரா மருமகளின் உச்சியில் முத்தமிட்டாள்.

"பார்த்தீங்களா, அவ கை பட்டதும் திறந்துடுச்சு. ராசியான கை. நான் பார்த்து எடுத்த பொண்ணாச்சே."

வெளியே காரிலிருந்து கத்தூர் கத்தினார்:

"பத்ரா, பையன் போனை எடுத்துட்டான். நம்பரைப் பொண்ணுகிட்டயே கேக்கணுமாம். போன வாரம் நீ ஹம்மாமுக்குக் குளிக்கப் போயிருந்தப்ப அவ நம்ம வீட்டுக்கு வந்து, அவன் பெட்டியைத் திறந்து குடுக்க, அங்கி இடுப்புல தொளதொளன்னு இருக்குன்னு பிடிச்சுத் தச்சுட்டு, நீ திறந்து பார்த்துடக் கூடாதுன்னு நம்பரையும் மாத்திட்டுப் போயிட்டாளாம்."