பத்தரைமாத்து மாப்பிள்ளை

“வெளிய பாக்கத்தானுங்க பளபளப்பு. உள்ள அத்தனையும் டூப்பு!”

தீனதயாளன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, டீசல் பில்களை அடுக்கியபடியே தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்.

“அப்படீங்களா?” என்றது எதிர்முனையில் ஒரு கனத்த குரல்.

“தலையில இருக்கறது சொந்த முடியே இல்லீங்க, விக்கு. படிச்ச படிப்பு போலி. இதுல ஏற்கெனவே இன்னொருத்தி வேற இருக்கறா. அதைப் பாதி வரைக்கும் மறைச்சே வெக்கறாங்க.”

“பொம்பளப் புள்ளைங்க இருக்கற ஊடுங்க எங்களுது.”

“அப்பக் கிட்டயே போயிராதீங்க. நடு ஊட்ல உக்கார வெச்சுப் பாக்கறதுக்குக்கூட லாயக்கில்லை.”

“ரொம்ப நன்றிங்க,” என்று போனை வைத்தார் அவர். நாமகிரிப்பேட்டை குமாரசாமி என்று ஆரம்பத்தில் பெயர் சொன்னதாக ஞாபகம். தீனதயாளன் பெயரையெல்லாம் கவனிப்பதில்லை. ‘பத்தரைமாத்து மாப்பிள்ளைங்கறாங்களே, எப்படிங்க?’ என்று கேட்டார், சொல்லியாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை வெளியான அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் கேட்காத ஆளே அந்தப் பக்கத்தில் பாக்கி இல்லை.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக் கம்பெனி ஒன்றில் மேனேஜர் என்பது தீனதயாளனின் வயிற்றுப் பிழைப்பு. பிறவிப் பயன் பட விமர்சனம். வெள்ளிக்கிழமை தியேட்டர், மற்ற நாள்களில் வீட்டு டி.வி. பார்த்த சூட்டோடு வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டுவிடுவார். அவரிடம் மொத்தம் மூன்றே தீர்ப்புகள்தான்: தியேட்டர்ல பாக்கலாம், ஊட்ல ஓட்டி ஓட்டிப் பாக்கலாம், பாக்கவே வேண்டாம். முதல் தீர்ப்பு இதுவரை எந்தப் படத்துக்கும் கிடைத்ததில்லை.

“கடைசி அரை மணி நேரம் ஹீரோ சுட்டுக்கிட்டே இருக்காருங்க. குண்டு தீர்றதுக்குள்ள என்ற பாப்கார்ன் தீந்துபோச்சு,” என்று அவர் சொன்ன ஒரு படத்துக்கு, ராசிபுரத்தில் இரண்டாம் நாளே கூட்டம் குறைந்ததாகக் கேள்வி. கேள்வியைக் கிளப்பிவிட்டவரும் அவரே.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி அர்த்தநாரி உள்ளே வந்தார்.

“ஏப்பா தீனா, ஒரு முக்கியமான சோலி. நாமகிரிப்பேட்டையில இருந்து குமாரசாமின்னு ஒருத்தரு போன் பண்ணுவாரு. மஞ்சள் மண்டி வெச்சிருக்கறாரு. என்ற பையன் வளவனுக்குப் பாத்திருக்கற பொண்ணோட அப்பா. பையன் எப்படின்னு விசாரிக்கோணும்னாரு, உன்ற நம்பரைக் குடுத்திருக்கறேன். நாலு நல்ல வார்த்தை சொல்லிப்போடு.”

டீசல் பில்கள் தரையில் சிதறின.

“எ... எப்பங்க பண்ணுவாரு?”

“இன்னைக்கே பண்ணுவாரு. ஏன், பண்ணிட்டாரா?”

“ப... பண்ணுனாருங்க.”

“அட! என்ன சொன்னே?”

“பத்தரைமாத்துத் தங்கம்னு சொன்னனுங்க.”

அர்த்தநாரியின் கண் கலங்கிவிட்டது. “ஆறு வருசமாத் தேடறம்ப்பா. ஈரோடு, கரூர், பழனின்னு ஏறி எறங்காத ஊடு இல்ல. ஒவ்வொரு எடத்துலயும் எவனாச்சும் ஒருத்தன் குறுக்க பூந்து கெடுத்துப்போட்டான். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட நம்ம ஊடு பாக்க வர்றாங்க. இந்தத் தடவை எவனாவது கெடுத்தான்னு தெரிஞ்சுது, அவனை ரிக்குல கட்டி ஆயிரம் அடிக்கு எறக்கிப்போடுவேன்.”

அவர் போனதும் தீனதயாளன் பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். விக்கு. போலிப் படிப்பு. இன்னொருத்தி. நடு வீட்டில் உட்கார வைக்க லாயக்கில்லை. ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறோமே!

படம் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன் என்று போன் பண்ணி ஒப்புக்கொள்ளலாம். ஆனால், கல்யாண விசாரணைக்குப் பட விமர்சனம் சொன்ன மேனேஜர் என்று முதலாளி காதுக்குப் போய்விட்டால் ஆயிரம் அடி நிச்சயம். படப் பேச்சையே எடுக்காமல் சரிபண்ணிவிட வேண்டியதுதான். அதே எண்ணுக்கு அடித்தார்.

“காலையில பேசுன தீனதயாளனுங்க. நான் சொன்னதையெல்லாம் மறந்துருங்க. ரொம்ப நல்ல மாப்பிள்ளைங்க.”

“விக்குன்னு சொன்னீங்க?”

“விக்கே இல்லீங்க!”

“போலிப் படிப்புன்னீங்க?”

“சேச்சே! அப்படி ஒண்ணுமே இல்லீங்க.”

“இன்னொருத்தி?”

“எவளுமே கெடையாதுங்க!”

“எதுவுமே இல்லைன்னா, அப்பறம் என்னதானுங்க இருக்குது?”

“குணமுங்க. குணம் நெறைய இருக்குதுங்க.”

“காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. எதை நம்பறதுன்னே வெளங்கலீங்க. யாராச்சும் மாத்திச் சொல்லச் சொன்னாங்களா?”

“ஐயோ, இல்லீங்க!”

“செரி உடுங்க. ஞாயித்துக்கிழமையை யோசிச்சுக்கறம்.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. வாயால் பேசினால்தானே குறுக்குக் கேள்வி வருகிறது? குரல் பதிவாக அனுப்பினால்? கழிப்பறைக்குள் நின்றுகொண்டு உருக்கமாகப் பதிவு செய்தார்: “இந்த மாதிரி ஒரு மாப்பிள்ளையை நான் பாத்ததே இல்லீங்க. முழுத் தங்கம். கண்ணை மூடிக்கிட்டுக் குடும்பத்தோட வரலாம்.”

அனுப்பின பிறகுதான் பார்த்தார். பதற்றத்தில் விரல் மாறி, பதிவு குரூப்புக்குப் போய்விட்டது.

பதில்கள் கொட்டின. ‘அண்ணா, வெள்ளிக்கிழமை குப்பைன்னீங்க, இப்பத் தங்கமா?’ ‘தயாரிப்பாளர் பிரியாணி அனுப்பிட்டாராட்டம் இருக்குது.’ ‘தலைவர் வெலை போயிட்டாரு.’ ஒரே நாளில் பெண் வீட்டிலும் பெயர் போயிற்று, ரசிகர்களிடமும் போயிற்று.

வேறு வழியில்லாமல் மனைவி அகல்யாவுக்குப் போன் செய்தார். அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று.

“உங்களைப் போயி நல்ல வார்த்தை சொல்லச் சொன்னாரு பாருங்க, அவரைச் சொல்லோணும். என்ற அக்கா கல்யாண வீடியோவைப் பாத்துட்டு, தாலி கட்டுனதுக்கு அப்பறம் இழுவைன்னு சொன்ன மனுசன்தானே நீங்க?”

“இழுவைதானே அகல்யா? அரை மணி நேரம் பந்தியவே காட்டுனான்.”

“இப்பவும் விமர்சனமா? போன்ல பேசிப் பேசித்தான் இத்தனையும். நேரா போயி உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்க. நேர்ல வந்து சொல்ற மனுசனை யாரும் அடிக்க மாட்டாங்க.”

முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். வழியில் ராசிபுரத்தில் நிறுத்தி ஒரு பெட்டி ஜாங்கிரி வாங்கிக்கொண்டார்.

நாமகிரிப்பேட்டையில் மண்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருமுனையிலேயே மஞ்சள் வாசம் வழிகாட்டியது. வாசலில் மூட்டைகள், மண்டியை ஒட்டியே வீடு. குமாரசாமி கட்டிலில் உட்கார்ந்து விரலி மஞ்சளை ஒடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரென்று தெரிந்ததும், “அடடே, வாங்க வாங்க! திருச்செங்கோட்ல இருந்து இத்தனை தூரமா? உக்காருங்க,” என்றவர் உள்பக்கம் திரும்பி மனைவிக்கு, “சின்னாயி, மோர் கொண்டா,” என்று குரல் கொடுத்தார்.

தீனதயாளன் ஜாங்கிரிப் பெட்டியை நீட்டினார். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே ஆரம்பித்தார்.

“காலையில நான் சொன்னதெல்லாம் படத்தைப் பத்திங்க.”

“ஆமாங்க,” என்றார் குமாரசாமி.

அவர் இவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டது தீனதயாளனுக்குத் தெம்பு தந்தது. “உங்க மாப்பிள்ளை அந்த மாதிரி இல்லீங்க. எங்க வளவன் தம்பியைத்தான் சொல்றேன்.”

மஞ்சளை ஒடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “அப்படீங்களா?” என்றார் குமாரசாமி.

மண்டிக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள். சரக்கு கொண்டுவந்தவனைப் பேசவிட்டு, தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். மூட்டையின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அவனே சொல்லிவிடுவான்.

“படத்துல முழு விக்குங்க. தம்பிக்கு அப்படியில்லை. முன்னால ஒரு கையகலம் மட்டுந்தான் ஒட்டு. பின்னால பூராவும் சொந்த முடி. கோயமுத்தூர்ல வெச்சது, ரிக்கு ஓடறப்ப அடிக்கற காத்துக்குக்கூட நகராதுங்க.”

“செரிங்க.”

“படத்துல சர்ட்டிபிகேட்டே போலி. நம்ம தம்பி நெசமாவே இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போனவருங்க. நாலு பேப்பர்தான் பாக்கி. எழுதுனா பாஸாயிருவாரு. எழுத மாட்டேங்கறாரு, அவ்வளவுதான்.”

“செரிங்க.”

“படத்துல தெனமும் தண்ணிங்க. தம்பி லாரி பூசைக்கு மட்டுந்தான்.”

“லாரி எத்தனைங்க வெச்சிருக்கறாங்க?”

“அது இருக்குதுங்க ஏகப்பட்டது,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தீனதயாளன் அவசரமாக அடுத்ததற்குத் தாவினார். “அப்பறம் அந்த இன்னொருத்தி. படத்துல அவளை மறைச்சு வெச்சிருக்கறான். நம்ம தம்பி எதையும் மறைக்கலீங்க, ஆபீஸ் பூராவுக்கும் தெரியும். சேந்தமங்கலத்துப் புள்ள. மூணு வருசம் பேசிட்டு இருந்தாங்க. அதுக்குப் போன தையில வேற எடத்துல கல்யாணம் ஆயிப்போச்சு. தம்பியே நேர்ல போயிப் பந்தி பரிமாறிட்டு வந்தாருங்க. அழுதுக்கிட்டேதான், ஆனாலும் ரசம் வரைக்கும் பரிமாறுனாரு. மனசைப் பாருங்க!”

குமாரசாமி மஞ்சளைத் தட்டில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

“இத்தனையும் இத்தனை தூரம் வந்து எதுக்குங்க சொல்றீங்க?”

“என்ற மனசு கேக்கலீங்க. பொண்ணைப் பெத்தவரு மாப்பிள்ளையை விசாரிக்கறீங்க. நான் படத்தைக் கேக்கறீங்கன்னு நெனச்சு, வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க. இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு.”

மெய்யாகவே லேசாகத்தான் இருந்தது. தீனதயாளன் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். குமாரசாமி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மோர்ச் சொம்போடு வாசற்படியில் எப்போதிலிருந்தோ நின்றுகொண்டிருந்த சின்னாயிதான் கேட்டாள்:

“ஏனுங்ணா, ஞாயித்துக்கிழமை அங்க வரும்போது அப்படியே அந்தப் படத்துக்குப் போலாமான்னு கேக்கத்தானுங்களே இவரு உங்களுக்குப் போன் பண்ணுனாரு?”