வக்கீல் வீட்டுக் கடல்செடி

"கடிச்சிருக்கான். பாரு, பல் பதிஞ்ச இடம் தெரியுது," என்றார் வக்கீல், கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

குற்றவாளி ஒரு மஞ்சள் மீன். தொட்டியின் மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து திறந்து மூடியது. உப்புத்தண்ணீர்த் தொட்டி, மீன், கூடவே ஒரு பொட்டலத்தில் சிவப்புக் கடல்செடி, எல்லாம் மைத்துனன் வாங்கிவந்து இறக்கியவை. மீனை யார் கேட்டார்கள்? வக்கீலின் உயிர் செடியில்தான் இருந்தது. அவர் வைத்த ரோஜா கருகியது, கற்றாழைகூட அழுகியது. "உங்க கையைப் பாத்தா கள்ளியே பயப்படும்," என்று மனைவி சிரித்ததை அவர் மறக்கவில்லை. இதையாவது வளர்த்துக் காட்டியே தீருவதென்று செடியை ஒரு கல்லோடு நூலால் கட்டி நட்டிருந்தார்.

முதலில் டீ வடிகட்டியைக் கவிழ்த்துச் செடிக்குக் காவல் போட்டார். மீன் அதை முட்டித் தள்ளிவிட்டுப் பாதிச் செடியைத் தீர்த்தது. வடிகட்டி துருப்பிடித்துத் தண்ணீர் கலங்கியது. வீட்டில் டீயும் நின்றது.

கடையில் வாங்கிப் போட்ட உருண்டைத் தீனியை மீன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றான்," என்று கொதித்த வக்கீல், அதைக் குளியலறை வாளிக்கு நாடு கடத்தினார். அது செத்துத் தொலைக்கக் கூடாதே என்று, தண்ணீரை அலைக்கும் குட்டி மோட்டாரையும் வாளிக்கே மாற்றினார். அலை நின்ற தொட்டியில் மிச்சச் செடி வெளிறி வழவழத்தது. விஷயம் தெரியாத மாமனார் அந்த வாளியிலேயே மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்தார்.

"மீன் துரும்பா இளைச்சிடுச்சுங்க. பாவமா இல்லையா?" என்றாள் மனைவி.

"செடியைத் தின்னவனுக்கு என்ன பாவம்?"

அவர் கோர்ட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவள் மீனையும் மோட்டாரையும் தொட்டிக்கே திருப்பினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கல்லில் நூல் மட்டும் இருந்தது. மீன் கொஞ்சம் தெம்பாக நீந்திக்கொண்டிருந்தது. வக்கீலுக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளுக்குள் அழுகையும் வந்தது.

கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மீனைத் தண்ணீர்ப் பையில் பிடித்துக்கொண்டு, மைத்துனன் அதை வாங்கிய கடைக்குப் போனார். செடியையும் செடி தின்னும் மீனையும் சேர்த்து விற்றது பச்சை மோசடி, நாளைக்கே நோட்டீஸ் வரும் என்று கல்லாவின் முன்னால் முழங்கினார். முதலாளி பயந்து எழுந்தே நின்றுவிட்டார்.

பின்னால் பை கட்டிக்கொண்டிருந்த பெண் எட்டி மீனைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது.

"செடியா? நாங்க செடியே விக்கிறதில்ல சார். போற இடத்துல பசியில வாடக் கூடாதுன்னு, இந்த மீனுக்கு நான் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது."