ஒழுகாத வண்டி குறித்து ஒரு புகார்

கார்த்வெயிட் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் ‘எண்ணெய்க்கறை’ மாத இதழ் ஆசிரியை திருமதி வினிஃப்ரெட் கிளெக் அவர்களுக்கு, மேற்படி சங்கத்தின் பதினோராம் எண் உறுப்பினர் எர்னஸ்ட் பிக்கர்ஸ்கில் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் கணவரும் மூன்று பூனைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி எட்னாவும் நலம். எட்னா கொஞ்சம் அளவுக்கு மீறி நலமாக இருக்கிறாள், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அம்மணி, நான் முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே எந்த ஆட்டைப் பார்ப்பான் என்பது வரை எனக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லப்போவதை வயசான காலத்துப் பிதற்றல் என்று தள்ளிவிட வேண்டாம். என் நாற்பது வருஷ நண்பர்களான கிளிஃபர்ட் ஓட்ஸும் மோரிஸ் ஃபார்திங்கும் என் 1937 ஹார்க்ரேவ் வண்டியை என்னிடமிருந்து பிடுங்கச் சதி செய்கிறார்கள்.

நம் சங்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவன் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அவன் உதைத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் அவனைப் பார்க்கக் கூடாது. முதுகைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் மரியாதை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? நான் இன்னும் காலைக் கிக்கர் மேலே வைக்கக்கூட இல்லை, அதற்குள் இரண்டு பேரும் முதுகைத் திருப்பிவிட்டார்கள்! உதைப்பதற்கு முன்னாலேயே மேகத்தைப் பார்க்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நான் தோற்பேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டான் என்று அர்த்தம். வண்டி பதினான்காவது உதையில் கிளம்பியது. அதற்குக் காரணம் ஈரக்காற்று. என் வலது முழங்காலில் எந்தக் கோளாறும் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

அன்றைக்கு டீக்கடையில் கிளிஃபர்ட் பன்றிக்கறி ரொட்டியை மென்றுகொண்டே மெதுவாக ஒரு வார்த்தை விட்டான். “எர்னஸ்ட், என்னைக்காச்சும் ஒரு நாள் நாம எல்லாருமே டீ வேன்லதான் போயாகணும்டா.” தானே உதைத்து ஸ்டார்ட் பண்ண முடியாதவன் விட்பி கடற்கரை ஊர்வலத்துக்கு டீ வேனில், பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது நம் விதி. நாற்பது ஊர்வலம் போனவன் நான், ஒன்றில்கூட வேனில் ஏறியதில்லை. ஏறவும் மாட்டேன். அதைவிட வீட்டிலேயே கிடந்து செத்துப்போவேன். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்கிறான்.

இனி ஆதாரங்களுக்கு வருகிறேன். என் வண்டி வாங்கின நாளிலிருந்து எண்ணெய் ஒழுகும். அடியில் எட்னாவின் பழைய கேக் தட்டு ஒன்றை வைத்திருக்கிறேன், காலையில் எழுந்ததும் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீயே இறங்கும். ஒழுகினால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று நிம்மதி. போன புதன்கிழமை பார்க்கிறேன், தட்டு காய்ந்து கிடக்கிறது. எண்ணெயை அளந்து பார்த்தால் நிறைய இருக்கிறது. அப்படியானால் யாரோ ஒழுக்கை அடைத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவன் வண்டியில் ஸ்பானர் வைப்பதா? சந்தேகம் வந்துவிட்டதல்லவா, ஸ்கேலை எடுத்துக் கிக்கரை அளந்தேன். இரண்டு அங்குலம் நீளமாக இருக்கிறது, அம்மணி! எழுபத்திநாலு வயசில் நான் குட்டையாகிக்கொண்டே வருகிறேன், என் கிக்கர் வளர்கிறது! ஷெட்டில் மேஜை மேலே இஞ்சி கேக் துகள். கூடவே ஒரு புகையிலை வாடை. அந்த வாடை உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் உண்டு. ’79 பனியில் மேட்டுநிலத்து நடுவில் என் பெட்ரோல் குழாய் வெடித்தபோது மோரிஸ் தன் புகைக்குழாயின் காம்பை உருவி அதில் செருகி என்னை வீடு கொண்டுவந்து சேர்த்தான். அதே காம்பில்தான் இன்றைக்கும் புகைக்கிறான், பெட்ரோல் மணக்க மணக்க. அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்படிப்பட்டவன் இப்படிச் செய்யலாமா?

எட்னாவைக் கேட்டால் எலியாக இருக்கும் என்கிறாள். எலி புகைபிடிக்குமா என்று கேட்டேன். “இந்தக் காலத்து எலிங்க என்னத்தைத்தான் செய்யாதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த இஞ்சி கேக்கை அடுப்பில் வைக்கிறாள். வாரத்துக்கு மூன்று கேக்! வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். ஷெட்டுச் சாவியும் அவளிடம்தான். நான் செவ்வாய்க்கிழமைதோறும் நூலகம் போகும் நேரமாகப் பார்த்து அவர்களை உள்ளே விடுகிறாள். ஆக, இஞ்சி கேக்கைப் புகழ்ந்தும் பழைய நட்பைச் சொல்லியும் என் சொந்தப் பெண்டாட்டியையே வளைத்துவிட்டார்கள். வண்டியைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டு என்னை வேனில் ஏற்றிவிட்டு, ஊர்வலத்தில் அந்த கிளிஃபர்ட் என் ஹார்க்ரேவில் ஜம்மென்று போகப்போகிறான். அவனுக்கு என் வண்டி மேலே எப்பவும் ஒரு கண்ணு.

ஆகவே இவ்விருவர் பெயரையும் அடுத்த இதழின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு அம்பலப்படுத்தும்படியும், இதையே என் ராஜினாமாக் கடிதமாக ஏற்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் குடும்பத்துக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளையும் காய்ந்த சாலைகளையும் அருள்வானாக.

இப்படிக்கு,
மனம் நொந்த,
எர்னஸ்ட் பிக்கர்ஸ்கில்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, கடைசியாக ஒரு தடவை என்று வண்டியை உதைத்தேன். ஒரே உதை. ஒன்றுதான், அம்மணி. முழங்கால் மூச்சுக்கூட விடவில்லை. நான் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. எட்னா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “மூணு மாசமா செவ்வாய்க்கிழமை ஆனா லைப்ரரிக்குப் போறீங்க, ஒரு புஸ்தகங்கூட வீட்டுக்கு வரலையே. உங்க முழங்காலுக்கு வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரி நர்ஸு என் சித்தி மக, தெரியுமில்ல? கிளிஃபர்ட்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். மனுசன் கேட்டுட்டு அழுதுட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சா வெக்கப்படுவீங்களாம், அதான் நீங்க லேசா உதைக்கிற மாதிரி கிக்கரை நீட்டி வைக்கத் திருட்டுத்தனமா வந்தாங்க.” நான் எஞ்சினை அணைத்துவிட்டுக் கடித உறையைப் பிரித்தேன்.

எனவே மேலே எழுதியதில் தேதியைத் தவிர எதையும் அச்சிட வேண்டாம். ராஜினாமாவையும் கிழித்துவிடுங்கள். விட்பி ஊர்வலத்தில் என் பெயரை எழுதுங்கள், வேன் பட்டியலில் அல்ல. எனக்கு விஷயம் தெரியும் என்று அவர்களிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கேக் தட்டில் நானே ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, அவர்கள் கண்ணில் படும்படி வைக்கப் போகிறேன். ஒழுக்கு இன்னும் நிற்கவில்லை என்று நினைத்துச் செவ்வாய்க்கிழமை மறுபடி வருவார்கள். எட்னாவிடம் கேக்கைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.