ஆலோசனைக்குத் தனிக் கட்டணம்

அந்தப் பலகையை மாட்டியதிலிருந்து மருந்துக்கடைக்காரரின் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

யோசனை என்னவோ அவர் மனைவியுடையதுதான். இருமல் மருந்து வாங்க வந்தவருக்குக்கூட நுரையீரலின் அமைப்பிலிருந்து ஆரம்பித்து வகுப்பெடுப்பார் மனிதர். தினமும் தொண்டை கட்டி, குரலே இல்லாமல்தான் வீடு திரும்புவார்.

"சும்மா குடுத்தா எவன் மதிப்பான்? காசு வாங்குங்க. உங்க படிப்புக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று அவள்தான் ஏற்றிவிட்டாள்.

பலகையைப் படித்த முதல் அம்மாள் உஷாரானாள்.

"மாத்திரைய மட்டும் குடுங்க சார்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு தெரிய வேணாமா?"

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போட்டுக்கறேன். எதுக்கு வம்பு?"

"ஐயோ, ஒண்ணுதாம்மா! பின்னாடி!" என்று அலறினார். அலறலுக்குக் கட்டணம் கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் கட்டணத்தைப் பாதியாக்கினார்.

"ஏன் சார் குறைச்சிட்டீங்க? தேதி முடிஞ்ச ஆலோசனையா?" என்றார் வந்தவர்.

'முதல் கேள்வி இலவசம்' என்று பலகையில் சேர்த்துப் பார்த்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்து, "இந்தக் கட்டணம் எதுக்கு?" என்று கேட்டார். கடைக்காரர் உற்சாகமாக விளக்கி முடித்ததும், "என் இலவசக் கேள்வி தீந்துபோச்சு, வரட்டுமா?" என்று நடையைக் கட்டினார்.

சொல்லாமல் விட்ட ஆலோசனை வயிற்றுக்குள் தங்குமா? அத்தனையும் வீட்டுக்கு வந்தது. மனைவி தண்ணீர் குடித்தால் உட்கார்ந்து குடிக்கச் சொன்னார். தும்மினால் காரணங்களை அடுக்கினார். அவள் கொட்டாவி விட்டபோது, அதுவும் ஒரு பக்கவிளைவுதான் என்று ஆரம்பித்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பஞ்சால் காதுக்கு வரும் கேடுகளை விவரித்தார்.

"அந்தப் பலகைய முதல்ல கழட்டுங்க" என்று கெஞ்சினாள்.

"மாட்டேன். ஒருத்தராவது காசு குடுத்துக் கேக்கட்டும். இல்லேன்னா இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம் செல்லாக்காசுன்னு ஆயிடும்டி."

அவளுக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலை, வாட்ச்மேன் உடுப்பில் ஒருவர் கடைக்கு வந்தார். முழுக் கட்டணத்தையும் மேஜைமேல் வைத்தார்.

"நெஞ்செரிச்சல் சார். எதையும் விட்டுடாம சொல்லுங்க."

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உணவுக்குழாயிலிருந்து தொடங்கினார். இடையில் இரண்டு தடவை எழப் பார்த்த அந்த நல்ல மனிதர், மறுபடியும் காசை வைத்துவிட்டு உட்கார்ந்து, கல்லீரலைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் கேட்டார். சாயங்காலம் கடைக்காரரின் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

வாட்ச்மேன் வாசலுக்குப் போய் போனை எடுத்தார்.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்குத் தொண்டை சுத்தமா கட்டிடுச்சு, நீங்க குடுத்த காசுல இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு, அவரை வீட்டுக்கு அனுப்பிடட்டுமா, இல்ல கிட்னியப் பத்தியும் ஒரு தடவை கேட்டுடட்டுமா?"