ஒரு டம்ளர் லோஷன்

"மறுபடியும் பிரிஞ்சிடுச்சு," என்றார் குமரேசன்.

எவர்சில்வர் டம்ளருக்குள் எண்ணெய் மேலேயும் கற்றாழைச் சாறு கீழேயுமாக, சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளைப் போல ஒதுங்கி நின்றன. பருப்பு மத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டு உருட்டென்று உருட்டியதில் அவருக்குத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

அவர் மனைவி சசிகலா எட்டிப் பார்த்தாள். "கடையறத நிறுத்தினா பிரியுது. நிறுத்தாம கடைஞ்சிகினே இருக்கணும் போல."

"ஆயுசு பூராவுமா?"

"சூடு ஆறுற வரைக்கும்தாங்க."

ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்குக் கைதான் முதல். உள்ளங்கையில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் இழை அதில் மாட்டிக்கொள்ளும். சசிகலாவின் இரண்டு கைகளும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. மருந்துக்கடைக் களிம்பைத் தடவினால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு பட்டில் ஏறிக் கறையாகிவிடும். கடையில் விற்கும் லோஷன் எரிகிறது என்றாள். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கற்றாழை மூன்றையும் சூடு பண்ணி நாமே லோஷன் செய்துகொள்ளலாம், ஆனால் எண்ணெய் தனியாகத் தெரியாதபடி நன்றாகக் கலக்க வேண்டும் என்று போனில் ஓர் அம்மாள் விளக்கியதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவளும் அவள்தான். கெடாமல் இருக்க எதுவும் சேர்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளருக்கு மேல் செய்யக் கூடாது.

"இந்தக் கைய வச்சிகினு என்னால கலக்க முடியாது. நீங்கதான் கலக்கணும்," என்று சொல்லிவிட்டாள்.

தறியில் பாதிச் சேலை நின்றிருந்தது. போளூரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கான முகூர்த்தச் சேலை. நெய்வதற்கான பாவு இழைகளைக் கொடுத்த முதலாளி பன்னீர்செல்வம் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.

குமரேசனும் நெசவாளிதான், அதுவும் கைத்திறமைக்குப் பெயர் எடுத்தவர். ஆனால் போன வருஷம் ஒரு மத்தியானம் அவர் தறியின் குறுக்கே இழையோடு நாடாவை ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரே மகன் அஜித், சேத்துப்பட்டு ரோட்டில் பைக்கில் போனவன், லாரியில் அடிபட்டுவிட்டான். அன்று தறிக்குழியிலிருந்து எழுந்தவர் மறுபடி அதற்குள் கால் வைக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். "ம்" என்பார். திரும்பிப் படுத்துக்கொள்வார். சசிகலாவும் மகனைப் பறிகொடுத்தவள்தான். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து உலை வைக்க வேண்டுமே. அவள் எழுந்தாள், நெய்தாள். இப்போது அவள் கையும் போய்விட்டது.

மத்தால் கடைந்ததை அவர் முதலில் தன் கையில் தடவிப் பார்த்தார். பிறகு அவள் கைகளை மடியில் வைத்து விரல் விரலாகத் தேய்த்துவிட்டார்.

பருப்பு மத்தை எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அது பருப்பு மத்துதான், வாசனை போகாது. சசிகலா போன இடமெல்லாம் ஒரு பூனை பின்னாலேயே வந்து அவள் கையை நக்கியது. அதைத் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கமலம் வந்துவிட்டாள்.

"இன்னாக்கா கையில? நான் மீன் வச்சாக்கூட எங்க பூனை இப்பிடி ஓடி வராதே!"

"லோஷன்டி. உங்கண்ணன் செஞ்சாரு."

"அண்ணனா?" என்று கட்டிலைப் பார்த்தாள் கமலம். கட்டில் காலியாக இருந்தது. அவள் பூனையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சசிகலா ஒரு பட்டு இழையை எடுத்துத் தன் உள்ளங்கையின் மேல் இழுத்துப் பார்த்தாள். கை பழுதில்லாமல் இருக்கிறதா என்று அறிய நெசவாளிகளுக்கு அதுதான் பரீட்சை. இழை இரண்டு இடத்தில் நின்றது.

"மாட்டுதுங்க. கலக்கினது பத்தல போல. மிக்ஸியில போட்டா என்ன?"

மிக்ஸியின் பெரிய ஜாரில் ஊற்றினார். ஒரு டம்ளர் சரக்கு பிளேடுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. பிளேடு மேலே வெறும் காற்றை அரைத்தது. சரி என்று சட்னி ஜாருக்கு மாற்றினார். கண் மூடித் திறப்பதற்குள் வெண்ணெய் போலத் திரண்டு வந்தது.

"ஆகா! இத பாரு சசி, இத பாரு!"

தன் கையில் தடவிப் பார்த்துவிட்டு, சசிகலாவின் கையில் தாராளமாகப் பூசினார். அவள் முதலில் புன்னகை செய்தாள். பிறகு உதட்டைக் கடித்தாள். பிறகு, "ஐயோ!" என்று கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

"இன்னா ஆச்சு?"

"எரியுதுங்க! நேத்து அதுல காரச் சட்னி அரைச்சேன்!"

"கழுவினேனே! தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவினேனே!"

"ரப்பருக்கு அடியில கழுவினீங்களா?"

மூடியில் ரப்பர் என்று ஒன்று இருப்பதே குமரேசனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சமையலறைக்கு ஓடி ஒரு சட்டி மோரைக் கொண்டுவந்து அதில் அவள் கைகளை முக்கிவைத்தார். முதலில் பூசிக்கொண்ட தன் கையும் அப்போதுதான் எரிய ஆரம்பிக்க, அதையும் அதே சட்டிக்குள் விட்டார். நான்கு கைகளும் மோரில் கிடந்தன. அதைப் பார்த்ததும் சசிகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரிப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியதும் இருவரும் திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வீட்டில் அது கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. மகனுக்குத் துரோகம் செய்துவிட்டதைப் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கடையில இதுக்குன்னே ஏதாவது இருக்கும்ங்க," என்றாள் அவள் மெல்ல. "போய்க் கேட்டுப் பாருங்களேன்."

குமரேசன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிரில் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நல்ல மனிதர்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாத்திரக்கடைத் தங்கவேலு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாங்க வாங்க. இன்னா வேணும் சொல்லுங்க."

"லோஷன் கலக்கறதுக்கு ஒரு மெஷின்."

"எவ்ளோ லோஷன்?"

"ஒரு டம்ளர்."

தங்கவேலு இரண்டு கம்பி உருண்டைகள் நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து வைத்தார். "இது கேக்குக்கு முட்டை அடிக்கறது. ஒரு டசன் முட்டை ஜல்தியா அடிக்கும்."

"எனக்கு ஒரு டம்ளர்தாங்க."

"அப்ப இத பாருங்க, ஹேண்ட் பிளெண்டர். ஆனா இதுக்கும் ஒரு சொம்பு நிறைய வேணும். தலை முழுசா முங்கணும். முங்கலன்னா காத்த இழுத்து நுரை தள்ளிடும்."

குமரேசன் அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாமே பெரிய குடும்பத்துக்குத்தான் செய்யறானுங்களா? ரெண்டே பேர் இருக்கற வூட்டுக்கு ஒண்ணுமே கிடையாதா?"

தங்கவேலு பிளெண்டரைத் திரும்ப வைத்தார். உள்ளே போய் வெகுநேரம் தேடி, பேனா மாதிரி ஒன்றை எடுத்துவந்தார். நுனியில் சின்னக் கம்பிச் சுருள் இருந்தது.

"காபிக்கு நுரை அடிக்கறது. டம்ளருக்குன்னே பொறந்தது," என்றவர், தானே பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டினார். "பேட்டரி என் கணக்கு. வேலை செய்யலன்னா வந்து திட்டுங்க. சும்மானாலும் வந்து திட்டுங்க."

வீட்டில் அது கொசு போல ரீங்காரம் செய்துகொண்டு நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஆற ஆறத் தேன்மெழுகு இறுகியது. கொசுவின் குரல் முனகலாகி, பெருமூச்சாகி, நின்றுவிட்டது. லோஷனின் நடுவில் அது கொடிக்கம்பம் போல அசையாமல் நின்றது.

அவர் அதைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். சசிகலா அவசரமாகச் சொன்னாள்:

"கம்பி நல்லாத்தான் கீது. அத சுத்தறதுக்குத்தான் சக்தி பத்தல." நிமிர்ந்து பார்த்தாள். "பரண் மேல அவன் மெஷின் கீதே."

அஜித் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன். அவன் போன அன்று அவனுடைய பை பரணில் ஏறியது. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

குமரேசன் ஸ்டூல் போட்டு ஏறினார். பையின் ஜிப்பைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. டெஸ்டர், கறுப்பு டேப், ட்ரில் மெஷின். அடியில், பிரித்துப் பாதி தின்ற கடலை மிட்டாய்ப் பொட்டலம். அதை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். ட்ரில் மெஷினைப் புடவைத் தலைப்பால் துடைத்து அவரிடம் நீட்டினாள் சசிகலா.

காபிக் கம்பியைக் கழற்றி ட்ரில்லின் வாயில் முடுக்கினார். லோஷனைச் சூடாக்கி, பிளக் இருக்கும் இடம் தறிக்குப் பக்கத்தில்தான் என்பதால் டம்ளரை அங்கே வைத்தார். சாமி படங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஸ்விட்சை அழுத்தினார்.

சுவரில் துளை போடுகிற வேகத்தில் அது சுற்றியது. டம்ளர் ஒரு கரகம் ஆடிவிட்டுப் பறந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மழையாகப் பெய்தது. முருகனும் அம்மனும் படத்துக்குள் இருந்தபடியே லோஷன் பூசிக்கொண்டார்கள். குமரேசனுக்குப் புருவத்திலிருந்து சொட்டியது.

"சுவிட்ச் உள்ள போய்க் கெட்டியா பூட்டிகிச்சு! நிறுத்தத் தெரியலடி!"

"பிளக்க புடுங்குங்க!"

சத்தம் நின்றது. அப்போதுதான் இருவரும் தறியைப் பார்த்தார்கள். அரக்கு நிற முகூர்த்தப் பட்டில், புதிதாக நெய்த இடம் முழுக்க எண்ணெய்ப் பொட்டுகள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. முதலாளி.

"குமரேசா, நாளைக்குக் காலையில வரேன். பொண்ணு வூட்டுக்காரங்களும் கூட வராங்க. சேலைய தறியிலயே பாக்கணுமாம். பேஜார் பண்ணாத, இன்னா?"

வைத்துவிட்டார்.

சசிகலா முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, எண்ணெய் பட்ட, இன்னும் நெய்யாத நீளவாட்டுப் பாவு இழைகள் மேல் மெதுவாகத் தூவினாள். "பாவுல பட்டத பவுடர் இழுத்துக்கும். ஆனா நெய்ததுல பட்டத ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கறை இருக்கற வரைக்கும் குறுக்கால போற ஊடைய இழை இழையாப் பிரிச்சி எடுத்துட்டு, மறுபடி நெய்யணும்."

"செய்யேன்."

அவள் கைகளை விரித்துக் காட்டினாள். வெடிப்புகள் முன்னைவிட ஆழமாக இருந்தன. "இந்தக் கையா? தொட்டா எல்லாம் அறுந்துடும். பாவம், யாரு பெத்த பொண்ணோ, மணையில உக்கார காத்துகினு இருக்கா."

சசிகலா ஓர் இழையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து இழுத்தாள். அது தண்ணீர் மேல் போவது போலப் போயிற்று. மறுபடி இழுத்தாள். எங்கேயும் மாட்டவில்லை.

"எனக்கு வழுக்குதே!" என்றார் அவர்.

"ஒவ்வொரு தடவையும் உங்க கையிலதானே மொதல்ல தடவிப் பாத்தீங்க."

"அப்போ லோஷன் நல்லாத்தான் வந்திருக்கு! அதே லோஷன்தான் உனக்கும். உனக்கு மட்டும் ஏன்டி கேக்கல?"

"என் கை ராசி அப்பிடி," என்று சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குமரேசன் தறிக்குழியின் அருகில் வந்து நின்றார். உள்ளே இருட்டாக, சில்லென்று இருந்தது. பெரிய காரியம் எதுவும் அவர் மனதில் இல்லை. முகம் தெரியாத ஒரு பெண் நாளைக்கு அழக் கூடாது, அவ்வளவுதான். கடவுள் நம்மிடம் கேட்பது பல நேரங்களில் அவ்வளவுதான்.

ஒரு காலை உள்ளே வைத்தார். நின்றார். இன்னொரு காலையும் வைத்தார். ஊடையை அடித்து நெருக்கும் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே அதன் மேல் நெற்றியை வைத்து, ஒரு வருஷமாக அழாத அழுகையை அழுதார். சசிகலா பக்கத்தில் வரவில்லை. கதவோரத்திலேயே நின்றிருந்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊடையை இழை இழையாகப் பிரித்து எடுக்கத் தொடங்கினார். ஓர் இழைகூட அறுபடவில்லை. வெயில் சாயும் நேரத்தில் நாடா ஓடியது. பலகை அடித்தது. தடக், தடக் என்று பழைய சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

கமலம் மாவுக் கையோடு ஓடிவந்தாள். வாசலில் நின்று தறியையும் குமரேசனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. நேராகப் போய்ச் சசிகலாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அதான் அண்ணன் எழுந்து உக்காந்துட்டாருல்ல, இனிமேவாவது தினம் தினம் எங்க தோட்டத்துக்கு வந்து, துவைக்கற கல்லுல உள்ளங்கைய தோலு உரியத் தேய்க்கறத வுட்டுடுக்கா!"