பாசித் தொட்டிக்குக் காவல்

கண்ணாடித் தொட்டியில் இருந்த பாசி மறுபடியும் வெளுத்திருந்தது.

அறிவியல் டீச்சர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தாள். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். போன வாரம் கையை விட்டால் விரல் தெரியாத பச்சை. இன்றைக்கு அந்தப் பக்கச் சுவரில் ஒட்டியிருந்த படம்கூடத் தொட்டி வழியாகத் தெரிந்தது. 'பாசி: குறையாத வளம்' என்று அவளே கலர் பேனாவால் எழுதி ஒட்டிய படம்.

"யாராவது தொட்டியைத் தொட்டீங்களா?"

எட்டாம் வகுப்பின் இரைச்சல் நின்றது. நாற்பது முகங்களும் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல ஒன்றும் இல்லாமல் இருந்தன.

"பாசிக்குக் காய்ச்சலா டீச்சர்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு சிரித்தது. அத்தோடு விசாரணை முடிந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக் கடைசியில் கல்வி அதிகாரி வருகிறார். அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து, பிடித்தால் வேலையை நிரந்தரம் ஆக்குவார். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் அவள் வேறு பள்ளிக்கூடத்து வாசலில் சான்றிதழ்களோடு நிற்கவேண்டியதுதான்.

தலைமையாசிரியை வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், மத்தவங்கல்லாம் சார்ட் ஒட்டுறாங்க. சார்ட் சாகாது. நீங்க மட்டும் உயிரோட எதையாவது காட்டணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறீங்களே, தேவையா இது?"

"வளர்ந்துடும் மேடம்."

"வளரணும். அன்னிக்கே பெத்தவங்க கூட்டமும் வெச்சிருக்கேன். அதிகாரி முன்னாடியும் பெத்தவங்க முன்னாடியும் ஒரே நாள்ல மானம் போயிடக் கூடாது."

வீட்டில் டீச்சரின் கணவன் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குத் தொழில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்வது. தொட்டிக்கு விதைப் பாசி கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான்.

"ஊரெல்லாம் எனக்குக் கூலி குடுத்து இதைச் சுரண்டி எறியச் சொல்லுது. என் பொண்டாட்டி அதையே சோப்பு டப்பாவுல வாங்கிட்டுப் போய்த் தாலாட்டி வளக்குறா. நீயும் நானும் ஒரே வீட்ல எப்படித்தான் குடும்பம் நடத்துறோமோ!"

"கிண்டல் அப்புறம். ஏன் வெளுக்குதுன்னு சொல்லுங்க."

அவன் தொழில்காரனாகிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வெளிச்சம் பத்தல. மூடி போட்ட டேங்க்ல பாசி வராது. மூடி உடைஞ்ச டேங்க்லதான் கும்முனு வரும். தூக்கி வெயில்ல வை."

மறுநாள் தொட்டி வகுப்பறை மூலையிலிருந்து வராந்தா ஜன்னலோரம் போனது. நல்ல வெயில். நல்ல காற்று. போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் நின்று பார்க்க வசதி. ஏழாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும்கூட இடைவேளையில் தொட்டியை மொய்த்துக்கொண்டு நின்றன. டீச்சருக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பாசி இன்னும் வெளுத்திருந்தது. வெயிலில் வைத்தும் தண்ணீர் மட்டம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை, பச்சை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வியாதி இல்லை.

'குறை பாசியிடம் இல்லை, என்னிடம்தான்' என்று டீச்சர் முடிவு செய்தாள். பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியவில்லை. தெரிந்தால் அவர்களே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தொண்டை கட்டும்வரை பேசினாள்.

"நாம இழுக்கிற மூச்சுல பாதிக்குக் கிட்ட தண்ணியில வாழுற இந்த மாதிரிச் சின்ன உயிருங்க குடுக்கிறது. மரத்துக்கு நிலம் வேணும். இதுக்கு வேண்டாம். சாக்கடைத் தண்ணியில விட்டாக்கூட அதுல இருக்கிற கழிவைத் தின்னு வளரும். இதுலேர்ந்து எண்ணெய் எடுக்கலாம், உரம் பண்ணலாம், மாட்டுக்குத் தீனி போடலாம். எடுக்க எடுக்க வளரும். ஆனா ஒண்ணு, வளர்ற அளவுக்குத்தான் எடுக்கணும். புரியுதா? நாளைக்கு இந்த உலகத்தைக் காப்பாத்தப்போறது யாரு?"

ஒருத்தி கை தூக்கினாள். டீச்சருக்கு உயிர் வந்தது.

"கேளும்மா!"

"இதைத் தின்னா பல்லு பச்சையாயிடுமா டீச்சர்?"

இன்னொருவன் எழுந்தான். "வெயிலே வராத வீட்ல இருக்கிறவங்க என்ன டீச்சர் பண்ணுவாங்க?"

"பல்பு போதும். பாடத்துல இருக்கிறதைக் கேளுங்கப்பா!" என்று டீச்சர் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை அவள் வீட்டில் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தாள். "நாப்பது பேர்ல ஒருத்தர் காதுலகூட ஏறலைங்க. சுவத்தோட பேசுற மாதிரி இருக்கு. வேலை போனாக்கூடப் பரவாயில்ல. நான் சொன்னதை ஒரு பிள்ளையாவது கேட்டுச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"சுவத்துலகூடப் பாசி பிடிக்கும்டி," என்றான் அவன். ஆறுதல் சொல்ல அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு பாசி இரண்டு மடங்கு வேகத்தில் வெளுக்கத் தொடங்கியது.

இப்போது டீச்சருக்குச் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்கிறவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். தண்ணீர்க் குழாயின் பித்தளையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படித் துலக்கி வைப்பாள். பச்சையாக எதைக் கண்டாலும் அவள் கை பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடும்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தொட்டியில ஏதாவது பவுடர் கிவுடர் தூவினீங்களா?"

பளிச்சக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"தூவினேனா? அந்த நாத்தம் பிடிச்ச தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் என் கை எப்படி நமநமங்குது தெரியுமா? டீச்சர் ஆசையா வளக்குதேன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தாண்டிப் போறேன். எனக்கு நல்ல பேர் குடுத்தீங்க! இனிமே இந்த எட்டாம் வகுப்புல ஒரு தூசியைக்கூடத் தொட மாட்டேன். அப்புறம் தூசியையும் காணோம்னு சொல்வீங்க!"

சொன்னதைச் செய்தாள். அன்றிலிருந்து வகுப்பறையில் காகிதமும் சாக்பீஸ் பொடியும் பென்சில் சீவலும் சேர்ந்துகொண்டே போயின. பாசி மட்டும் சேரவில்லை.

டீச்சருக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது.

"தொட்டிக்குக் காவல் போடப்போறேன். யாரெல்லாம் நிக்கிறீங்க?"

நாற்பது கைகள் எழுந்தன.

அவள் எந்தக் கேள்வி கேட்டாலும் இரண்டு கைக்கு மேல் எழுந்ததில்லை. அதிலும் ஒன்று, வெளியே போக அனுமதி கேட்கிற கை. இப்போது நாற்பதும் எழுந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இடைவேளைக்கு ஒரு குழு, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு குழு, கதவு பூட்டுகிறவரை ஒரு குழு என்று முறை வைத்தாள். பிள்ளைகள் எனக்கு முந்தி உனக்கு முந்தி என்று காவல் நின்றார்கள். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவன்கூடத் தன் முறைக்கு வந்துவிட்டுப் போனான்.

இரண்டே நாளில் தொட்டித் தண்ணீர், குடிக்கலாம் போல ஆகிவிட்டது.

"யாராச்சும் கிட்ட வந்தாங்களா?" என்று வகுப்பு லீடரைக் கேட்டாள் டீச்சர்.

"வெளியாளு ஒருத்தரைக்கூட விடல டீச்சர்," என்றாள் லீடர் மிடுக்காக.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், தலைமையாசிரியை கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஒரு மூடி பச்சைக் கலர் ஊத்திடலாமா? யாருக்குத் தெரியப்போகுது?"

டீச்சருக்கு வேலை கண்முன்னே ஆடியது.

"பிள்ளைங்களுக்குத் தெரியும் மேடம். அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அவங்களுக்கு அது சாயமாத்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் கணவன் காப்பாற்ற வந்தான். எங்கேயோ ஒரு பாழும் தொட்டியிலிருந்து பெரிய கேன் நிறைய அசல் பாசி, தோளில் சுமந்துகொண்டு. அவன் ஊற்ற ஊற்றத் தொட்டி பச்சைப் பட்டு விரித்ததுபோல நிறைந்தது. டீச்சர் கைதட்டாத குறை.

"தொட்டி கழுவுறவன் கையால பாசி ஊத்திட்டேன். இந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது," என்றான் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

காலையில் வந்து பார்த்தால், தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. அடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. பாசியின் சாம்பல்தான்.

டீச்சர் போனை எடுத்தாள்.

"ஏங்க, அந்தக் கேனை எதுல கழுவினீங்க?"

"இதென்ன கேள்வி? உன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வர்றது. அழுக்குக் கேன்லயா கொண்டு வருவேன்? குளோரினைத் தாராளமா ஊத்தி, நல்லா ஊற வெச்சு..." அவன் நிறுத்தினான். "ஐயையோ," என்றான் பிறகு.

அதிகாரி வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் வெவ்வேறு நிறத்தில் பேனாக்கள். அவருக்குப் போட்ட நாற்காலியில் சாக்பீஸ் பொடி படிந்திருந்தது. பளிச்சக்கா எங்கிருந்தோ வந்து, டீச்சரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த நாற்காலியை மட்டும் துடைத்துவிட்டுப் போனாள். அதற்கே டீச்சருக்கு அழுகை முட்டியது.

அதிகாரி, மறுபடி வகுப்பறை மூலைக்கே கொண்டுவந்து வைத்திருந்த தொட்டிக்கு முன்னால் குனிந்தார். தொட்டிக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் குனிந்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

"பாசி வளத்தேன் சார். நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் வெளுத்துப்போச்சு. வெயில்ல வெச்சேன், காவல் போட்டேன். ஒரு நல்ல மனுஷியைச் சந்தேகப்பட்டேன். எதுவும் பலிக்கல. ஏன்னு எனக்குத் தெரியல சார். ஆனா பாசியைப் பத்தி நான் பிள்ளைங்களுக்குச் சொன்னதெல்லாம் நிஜம்."

அதிகாரி சுவரில் இருந்த படத்தைப் படித்தார். "குறையாத வளம்... ஒரு மாசம்கூடத் தாங்கலையே, டீச்சர்?"

அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "சரி, நீங்க சொல்லுங்க. பாசி எப்படி வளரும்? யாருக்காவது தெரியுமா?"

நாற்பது தலைகளும் குனிந்தன. முதல் பெஞ்ச் தரையைப் பார்த்தது. கடைசி பெஞ்ச், முதல் பெஞ்சின் முதுகைப் பார்த்தது. லீடரின் காது இரண்டும் சிவந்திருந்தன.

டீச்சர் கடைசி பெஞ்ச் வரை ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். வேலை போகிறது, போகட்டும். ஒரு பிள்ளையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதிகாரி பெருமூச்சு விட்டார். சட்டைப் பையில் இருந்த பேனாக்களில் சிவப்பை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

அப்போது வாசல்காவலர் மூச்சு வாங்க ஓடிவந்தார். சட்டையும் கால்சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தன.

"மேடம், கேட்டைத் திறந்துவிடட்டுமா? பெத்தவங்கல்லாம் வந்துட்டாங்க."

"கூட்டம் மத்தியானம்தானே? அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று தலைமையாசிரியை சீறினார். "இருக்கச் சொல்லுங்க!"

"இருக்க மாட்டாங்க மேடம், எல்லார் கையிலயும் வாளியும் குடமும் தளும்புது. பிள்ளைங்க தினம் ஆளுக்கொரு டம்ளர் இந்தத் தொட்டியில மொண்டுட்டு, குழாய்த் தண்ணிய ஊத்தி நிரப்பி வெச்சுட்டுப் போய் வீட்ல வளத்த பாசியாம். வளந்து வளந்து இப்ப குளிக்க ஒரு பாத்திரம் மிச்சமில்லயாம், டீச்சர் தயவுபண்ணிக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கணும்னு கெஞ்சுறாங்க!"