நான்கு மீன்களுக்கு நான் வாங்கித் தந்த விடுதலை

வாசகப் பெருமக்களே, நீங்களே சாட்சி. பேசத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நான் மேடைதோறும் முழங்கியபோது கைதட்டியவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். ஆகவே இந்தக் குற்றத்தில் உங்களுக்கும் பங்குண்டு.

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் கோப்பைகளைக் குவித்துக்கொண்டிருந்த காலம். திருவாரூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில், அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டுத் தொழிலாளர்கள் அரிவாளைக் கீழே வைத்திருந்தார்கள். கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவரான என் சித்தப்பா மிராசுதார் வீட்டுக்குப் பேச்சுவார்த்தைக்குப் புறப்பட்டபோது, நாட்டின் நலன் கருதி நானும் உடன் சென்றேன். (யாரும் அழைக்கவில்லை.)

நான் வாய் திறக்குமுன்பே மிராசுதார் இறங்கி வந்துவிட்டார். "சரிய்யா, அரை மரக்கா தரேன். சாப்டுட்டு வந்து கையெழுத்துப் போடறேன்" என்று உள்ளே போனார். வாசலில் காத்திருந்த தொழிலாளர்களுக்குச் செய்தி சொல்லச் சித்தப்பா ஓடினார். கூடத்தில் நானும் ஒரு கண்ணாடித் தொட்டியும், அதில் பச்சைச் செடிகளுக்கிடையே நான்கு மோலி மீன்களும் மட்டும்.

தொட்டியின் விளிம்பில் வெள்ளை உப்புக்கறை. அடியில் ஒரு துணிமூட்டை நிறையக் கிளிஞ்சல். என் நெஞ்சு கொதித்தது. வயலுக்குக் காவிரி, வாயில்லா மீனுக்கு ஆழ்குழாயின் உப்புநீரா? செடியின் வேர்மீது கிளிஞ்சலின் ஆதிக்கமா? எதிர்த்துப் பேச ஆளில்லாததால் வாதத்தில் நானே வென்றேன். கிளிஞ்சலை வெளியேற்றினேன். இரண்டு வாளி நீரை முகந்தெடுத்துவிட்டு, முற்றத்து அண்டாவில் பிடித்திருந்த மழைநீரை, வானத்தின் கலப்படமற்ற கொடையை, ஊற்றினேன்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நன்றியுரை என்றே நினைத்தேன். பிறகு உடலை உதறின. ஒன்று சாய்ந்தது.

"அப்பா! தொட்டில யாரோ கைய வச்சிருக்காங்க!"

கத்தியவள் மிராசுதாரின் மகள்; கும்பகோணத்தில் வேதியியல் படிப்பவள். தொட்டி அவளுடையது. சோதனைத்தாள் ஒன்றை நனைத்துப் பார்த்தாள். தாளின் நிறம் மாறியதும் அவள் முகத்தின் நிறமும் மாறியது.

"கிளிஞ்சல் எதுக்குப் போட்டிருக்குன்னு தெரியுமாங்க?"

"அலங்காரத்திற்கு. மேட்டுக்குடி ஆடம்பர..."

"தண்ணியோட கடினத்தன்மை கொறயாம இருக்க. அது இருந்தாத்தான் பிஹெச் ஒரே நிலையில நிக்கும். செடி ராத்திரி விடற கரியமில வாயுல தண்ணி புளிச்சுப் போகாது. மழத்தண்ணில அந்தப் பிடிமானமே கெடையாது. இப்படி ஒரேயடியா மாத்துனா உசுரு தாங்குமா?"

"ஆனால் மழைநீர் தூய்மையானது!"

"அத மேடைல சொல்லுங்க, கை தட்டுவாங்க. மீனுக்குக் கை இல்லீங்க."

மிராசுதார் எச்சில் கையோடு வந்து நின்றார். "என் பொண்ணு தொட்டியவே விட்டு வைக்காதவன் நாளைக்கு வயல விடுவானா? மீன் பொழச்சா அரை மரக்கா. இல்லன்னா நடையக் கட்டுங்க!"

ஆக, ஊரின் கூலி நான்கு மீன்களின் மூச்சில் தொங்கியது. நல்லவேளையாகப் பழைய நீர் வாளியிலேயே இருந்தது. மொத்தமாக ஊற்றினால் அதுவும் மீனுக்கு அதிர்ச்சி என்றாள் மகள். கிளிஞ்சல் மூட்டை உள்ளே திரும்பியது. நான் டம்ளரால் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊற்றி, பொழுது சாயும்வரை பணியாற்றினேன். அறுவடைக்காரர்கள் அத்தனை பேரும் தொட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். நான் ஒருமுறை தொண்டையைச் செருமியதும் சித்தப்பா, "டேய், வாயத் தொறக்காம ஊத்துடா!" என்றார். என் வாழ்வின் மிக நீண்ட மௌனம் அது.

சாய்ந்த மீன் நிமிர்ந்தது. அப்போது எழுந்த ஆரவாரத்தை நான் எந்தப் போட்டியிலும் பெற்றதில்லை. மிராசுதார் கையெழுத்திட்டார். "அடுத்த தடவ இந்தத் தம்பிய மட்டும் கூட்டிட்டு வராதீங்கய்யா."

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், "தண்ணிக் குடத்த உள்ள எடுத்து வைங்க, தொடங்கிட்டான்" என்கிறார் அம்மா. அவருக்குத் தெரியாதா, நான் வாக்குத் தவறாதவன் என்று? அன்று மிராசுதார் வீட்டு வாசலில், திரண்டிருந்தோர் முன்னிலையில் உரத்த குரலில் அறிவித்தேனே, அதற்கும் நீங்களே சாட்சி:

"தானாக வந்து கேட்காத எந்த உயிருக்கும் இனி நான் விடுதலை வாங்கித் தரமாட்டேன்!"